வெள்ளிக்கிழமைக் கோடு

3 மார்ச் 1982, புதன்

காலையிலேயே வெயில். காற்று அசையவில்லை. வேளாண்மை வெட்டு மும்முரம், றோட்டெல்லாம் நெல் மூட்டை ஏற்றிய டிரக்டர். சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரை பஸ்ஸில் நின்றபடியே. இறங்கும்போது சட்டைக்குள் யாருடையதோ வைக்கோல்.

செய்ய வேண்டியவை: கொம்பிரசரில் தண்ணீர் இறக்குவது. சார்ட் சுருள் மாற்றுவது. பேனாவுக்கு மை. நஸீரைப் பற்றி நினைக்காமல் இருப்பது.

முதல் மூன்றும் பத்து மணிக்குள் முடிந்தது.

பின்னால் றிப்போட் எழுத உதவும் என்பதால் விஷயத்தை ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கொன்ட்ரோல் பொறியியல் படிக்கிற எங்களுக்கு ஒரு வருஷம் தொழிற்பயிற்சி. இரண்டு பாதி. முதற்பாதிக்கு நஸீருக்குக் கிடைத்தது கொழும்புப் பக்கம் பெரிய சவுக்காரக் கம்பனி. எனக்குக் கிடைத்தது ஹாஜியாரின் அரிசி ஆலை. இரண்டாம் பாதிக்கு அந்தக் கம்பனி ஒரே ஒருவரைத்தான் தன் கொன்ட்ரோல் அறைக்குள் எடுக்கும். அங்கே முடிக்கிறவனை அப்படியே வேலைக்கும் வைத்துக்கொள்வார்கள் என்று கதை. அது நானா நஸீரா என்பது எங்கள் விரிவுரையாளர் பாலா சேரின் கையில். இந்த மாதம் முடிவு சொல்வார்.

நஸீர் என் மாமியின் மகன். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பரீட்சையில் என்னைவிட இரண்டு புள்ளி கூட. இரண்டே இரண்டு.

ஆலை விஷயம். ஹாஜியார் ஜப்பானிலிருந்து, கொம்பிரசர் காற்றில் இயங்கும் ஒரு கருவி இறக்கியிருக்கிறார். நெல்லைப் புழுக்குவதற்கு முன் சுடுதண்ணீரில் ஊறப்போட வேண்டும். கலவைத் தொட்டியில் பச்சைத் தண்ணீரும் பொயிலர் ஆவியும் சேர்ந்து எழுபது பாகைச் சூட்டில் ஊறல் தொட்டிகளுக்குப் போகும். சூடு கூடினால் கருவி ஆவி வால்வை மூடும், குறைந்தால் திறக்கும். சூட்டின் அளவை ஒரு பேனா சுருள் தாளில் நாள் முழுக்கக் கீறிக்கொண்டே இருக்கும்.

கோடு நேராக இருக்க வேண்டும். இருப்பதில்லை. நாளுக்குச் சில தடவை, காரணமே இல்லாமல் ஒரு மேடு ஏறும். பிறகு பள்ளம். பிறகு கொஞ்ச நேரம் அலை. அந்த நேரம் ஊறிய நெல் அரிசியாகும்போது சிவந்து வருகிறது. ஹாஜியார் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அரிசியைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார்.

4 மார்ச், வியாழன்

மாமி வந்திருந்தா, நஸீரின் கடிதத்தோடு. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், மாமிக்கும் தெரியும். ஆனால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டுமாம். என் வாயாலேயே.

கடிதத்தில் இருந்தவை: கொன்ட்ரோல் அறைக்குக் குளிரூட்டி. குளிர் தாங்காமல் சுவெட்டர் வாங்கியிருக்கிறான். சுவர் நீளத்துக்குக் கருவிகள். எல்லாக் கோடும் நேர். இஞ்சினியர்மார் இவனோடு ஒரே மேசையில் சோறு.

சுவெட்டர். மார்ச் மாதத்தில். நான் இங்கே உமித் தூசியில் தும்மித் தும்மி மூக்குத் தோல் உரிந்து நிற்கிறேன்.

“அவன்ட முகத்துல இப்ப ஒரு தெளிச்சி வந்திரிக்கும்” என்றா உம்மா. கடிதத்தில் முகம் எங்கே தெரிந்ததோ.

பொறாமை என்று இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் குறையும் என்று யாரோ சொன்னது. குறையவில்லை.

இரவு மீன் ஆணம். நல்ல ருசி. அதையும் அனுபவிக்க விடவில்லை அந்த சுவெட்டர்.

5 மார்ச், வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ். முதலில் அதை எழுதவேண்டும்.

கருவியில் இரண்டு குமிழ் முக்கியம். ஒன்று எவ்வளவு பலமாகத் திருத்துவது என்று சொல்வது. மற்றது எவ்வளவு பொறுமையாகத் திருத்துவது என்று. காலையில் பலத்தைக் கொஞ்சம் குறைத்தேன், பொறுமையைக் கூட்டினேன். பிறகு வழமைபோல எல்லோரும் ஆலையை விட்டுக் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை பகலில் ஆட்கள் வீட்டுக்குப் போய்க் குளித்து, உடுத்து, அப்படியே பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். தொட்டி நெல்லை இடையில் விட்டால் புளித்துவிடும், அதனால் அந்த நேரத்துக்கு மட்டும் பாண்டிருப்பிலிருந்து கந்தையா அண்ணன் வந்து பொயிலரைப் பார்ப்பார்.

தொழுதுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கோடு. அடிமட்டம் வைத்துக் கீறியது மாதிரி. பகல் முழுக்க ஒரு மேடு இல்லை. கந்தையா அண்ணனிடம் ஏதும் தொட்டீர்களா என்று கேட்டேன். தனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே பயம் என்றார்.

அப்படியென்றால் நான்தான். என் குமிழ்தான்.

அந்தத் துண்டை வெட்டி எடுத்து, ‘ஆட்டம் தீர்ந்துவிட்டது சேர், குமிழ்களின் சரியான இடத்தைக் கண்டுபிடித்தேன்’ என்று எழுதி, கல்முனைத் தபால் கந்தோர் மூடுமுன் ஓடிப்போய் பாலா சேருக்கு அனுப்பினேன். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காசு இருந்தும் நடந்தே வந்தேன், சும்மா சந்தோஷத்தில். மாமி வீட்டைத் தாண்டும்போது கொஞ்சம் சத்தமாகவே செருமினேன்.

6 மார்ச், சனி

நான் தபாலுக்கு ஓடிய பிறகு, நேற்றுப் பின்னேரமே பேனா மறுபடியும் ஆடியிருக்கிறது. இன்று பகல் ஒரு மேடு. பின்னேரம் ஒன்று. பொழுது படும்போது ஒன்று.

குமிழ்களில் கைவைக்கவில்லை. நேற்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

சேருக்குப் போன தாளைத் தபால்காரனிடமிருந்து பறித்துக்கொண்டு வர முடியாது.

ஹாஜியார் சிவப்பரிசி காட்டினார்.

8 மார்ச், திங்கள்

குமிழோடு முழுநாளும் மல்லுக்கட்டு. வலப்பக்கம் திருப்பினால் பேனா துள்ளுகிறது, இடப்பக்கம் திருப்பினால் தூங்குகிறது.

பகல் பாங்கு சொன்னதும் ஆட்கள் எல்லோரும் பின்பக்கத் தொழுகை அறைக்குப் போனார்கள். பொயிலர் பார்க்கிற மஜீத் காக்கா என்னையும் கூப்பிட்டார். “தொழுதுட்டு வந்து பாருங்க தம்பி, அது எங்கயும் ஓடாது.” வீட்டுக்குப் போய்த் தொழுகிறேன் என்று சொன்னேன். வந்த நாளிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். அவர்கள் அந்தப் பக்கம் போனால் போதும், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் இந்தச் சனியன் ஆடத் தொடங்கும். அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? தனியாக நின்று நானே வால்வைக் கையால் பிடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

நஸீர் இருக்கிற அறையில் இப்படி ஒன்றும் நடக்காது. அங்கே பேனாக்கள் கூட வளர்ப்பு நல்ல பேனாக்கள்.

10 மார்ச், புதன்

நஸீர் வந்துவிட்டான். கம்பனியில் பொயிலர் கழுவுகிறார்களாம், பத்துநாள் லீவு. காலை கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியபோது தலையில் ஒரு பெட்டி. பெட்டி நிறையச் சவுக்காரம். ஓரம் உடைந்த கட்டிகளை வேலை செய்கிறவர்களுக்கு மலிவாகக் கொடுப்பார்களாம். தெரு முழுக்கப் பங்கு. ரோசாப்பூ நிறம், ரோசாப்பூ மணம். மீன் காய்கிற தெருவில் இன்றைக்கு மீன் மணம் இல்லை.

உம்மா ஒரு கட்டியை அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறா. முகம் கழுவ இல்லையாம். மணக்கவாம்.

நிறம் கூட ஒரு சுற்று வெளுத்திருக்கிறான். “மச்சான்” என்று கட்டிப் பிடித்தான். நல்லவன்தான். அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு லேசு.

11 மார்ச், வியாழன்

நஸீர் ஆலை பார்க்க வந்தான். ஹாஜியார் அவனுக்குப் பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். வந்த நாளிலிருந்து எனக்குக் கண்ணாடிக் கிளாஸ். அந்தப் பூப்போட்ட கோப்பை இந்த ஆலையில் இருக்கிறது என்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

கருவிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நல்ல கருவி என்றான். நோண்டவில்லை, குறை சொல்லவில்லை. நோண்டியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

ஹாஜியார் கேட்டார்: “அங்கெயெல்லாம் கோடு நேராத்தானே தம்பி?”

“ஓம் ஹாஜியார். அங்க ஆடாது.”

ஹாஜியார் என் பக்கம் பார்க்காமல் தலையாட்டினார். பார்த்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

போகும்போது ஆலை ஆட்களுக்கும் சவுக்காரம். பின்பக்கக் குழாயடியிலும் ஒரு வரிசை வைத்துவிட்டுப் போனான். மஜீத் காக்கா பின்னேரம் முழுக்கத் தன் கையைத் தானே மணந்து பார்த்துக்கொண்டு உமி தள்ளினார்.

கம்பியில் கீறி இடது பெருவிரல் காயம். உம்மா மஞ்சள் வைத்தா.

12 மார்ச், வெள்ளி

பகல் முழுக்க நேர்கோடு. நான் ஒன்றையும் தொடவில்லை.

போன வெள்ளியும் நேர். இந்த வெள்ளியும் நேர். இதற்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெயிலுக்கு என்ன வித்தியாசம்?

பள்ளிவாசலில் நஸீர் புதுச் சாரனோடு முன் வரிசையில். ஆட்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸலாம் சொல்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் என்னிடமே கேட்டார், அது கொழும்பில் இஞ்சினியராக இருக்கிற பிள்ளையல்லவா என்று. ஓம் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

13 மார்ச், சனி

ஒழுங்காக எழுதவேண்டும்.

காலையில் பழைய சுருளை விரித்தபோது கண்டது: வியாழன் பின்னேரத்திலிருந்து மேடுகள் பெருத்துவிட்டன. உயரமும் கூட, அகலமும் கூட. வியாழன் என்ன நடந்தது? நஸீர் வந்தான். வேறு ஒன்றுமில்லை.

அவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நாளில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. கருவியின் மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். ஒன்றிலும் கைபட்ட அடையாளம் இல்லை. தூசி கூட கலையவில்லை.

சந்தோஷம் போய் ஆத்திரம் வந்தது. பகல் பாங்கு சொல்லி ஆட்கள் போனார்கள். அந்தச் சவுக்கார மணம் உள்ளே வரைக்கும் வந்தது. அந்தக் கட்டிகளைத் தூக்கிப் புதருக்குள் எறிய வேண்டும் போல ஒரு வெறி. இந்த ஆலைக்கு வந்து முதல் தடவையாக அந்த நேரத்தில் கருவியை விட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன்.

குழாய் வரிசை. ஒன்று விடாமல் எல்லாம் திறந்தபடி. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கிற ஆட்கள். முன்பெல்லாம் கையும் முகமும் காலும் நனைத்துக்கொண்டு போகிறவர்களாம். இன்றைக்கு முழங்கை வரை நுரை. மஜீத் காக்கா முகத்தில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு பக்கத்து ஆளோடு நெல் விலை கதைக்கிறார், குழாய் தன்பாட்டில் ஓடுகிறது. குளிக்காத குறை.

அப்போதுதான் மேலே பார்த்தேன். உயரத் தொட்டியிலிருந்து ஒரே ஒரு பைப் இறங்குகிறது. சுவர் மூலையில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இந்தக் குழாய்களுக்கு. மற்றது மண்ணுக்குள் போய், உள்ளே, என் கலவைத் தொட்டிக்கு.

சவுக்காரத்தை எறிய மறந்து உள்ளே ஓடினேன். பேனா மேட்டின் உச்சியில் இருந்தது.

14 மார்ச், ஞாயிறு

ஆலைக்குப் போகவில்லை. எல்லாச் சுருளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து அறையில் விரித்தேன். ஒவ்வொரு மேட்டுக்குப் பக்கத்திலும் அந்த நேரத்துத் தொழுகையின் பெயரைப் பென்சிலால் எழுதினேன். லுஹர். அஸர். மஃரிப். லுஹர். அஸர். மஃரிப். ஒன்றும் தப்பவில்லை. ஆட்கள் குழாய்களைத் திறந்தால் தொட்டிக்குப் பச்சைத் தண்ணீர் குறைகிறது, சூடு ஏறுகிறது. கருவி ஆவியை மூடுகிறது. அவர்கள் குழாயை மூடிவிட்டுத் தொழப் போனதும் பச்சைத் தண்ணீர் முழுசாக வந்து விழுகிறது, சூடு இறங்குகிறது. கருவி பாவம், இரண்டு பக்கமும் ஓடி ஓடிக் களைக்கிறது.

வெள்ளிக்கிழமைப் பகல், லுஹர் நேரம் மட்டும் வெறுமை. அன்று எல்லோரும் வீட்டில் குளித்துப் பள்ளியில் ஒழு எடுக்கிறார்கள். ஆலைக் குழாயை யாரும் தொடுவதில்லை.

அப்படியென்றால் சேருக்கு நான் அனுப்பியது என் குமிழ் போட்ட கோடு இல்லை. ஆட்கள் ஜும்ஆவுக்குப் போன கோடு.

வந்த முதல் வாரமே நானும் அவர்களோடு போய் ஒழு எடுத்திருந்தால், அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும். இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் போகவில்லை.

உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தாளை விரித்து வைத்துக்கொண்டு ஏன் சிரிக்கிறாய் என்றா. சிரித்தேனா? தெரியாது.

15 மார்ச், திங்கள்

குழாய்க்கு வேறாக ஒரு பைப் போட வேண்டும் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. வெட்டுக் காலம் முடியட்டும், இப்போது ஒரு நாளும் ஆலையை நிற்பாட்டேலாது என்றார்.

பதினொரு மணிக்கு ஹாஜியாரின் கந்தோரில் டெலிபோன். பாலா சேர். நான் அனுப்பிய தாளைப் பார்த்தாராம், நல்ல சந்தோஷமாம். நேரில் வந்து பார்த்துவிட்டு, இரண்டாம் பாதி இடத்தை அங்கேயே வைத்துச் சொல்லிவிடுவாராம். இந்தக் கிழமை எந்த நாள் வசதி என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை சேர். பகலைக்கு வந்தா நல்லம்.”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, இங்கேயும் பொய் எழுதக்கூடாது. டெலிபோன் மணி அடிக்கும்போதே யோசித்துவிட்டேன்.

நஸீருக்குக் கிழமையில் எல்லா நாளும் நேர்கோடு. எனக்கு ஒரு நாள், அதிலும் ஒரு பகல். அதைக் காட்டினால் என்ன? அந்த அறை எனக்கு வேண்டும். சுவெட்டர் வேண்டும். பூப்போட்ட கோப்பை வேண்டும்.

17 மார்ச், புதன்

பின்னேரம் கடற்கரையில் நஸீரோடு. கடல் அமைதி. கரைவலைக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார்கள், நாங்களும் கொஞ்ச நேரம் கயிறு பிடித்தோம். சேர் தன்னையும் வெள்ளிக்கிழமை ஆலைக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னான். பிறகு, ஆட்டத்தை எப்படி நிற்பாட்டினாய் என்று கேட்டான்.

சொல்ல வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்த ஊரில் இந்த விஷயத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் இவன்தான். லுஹர், அஸர் என்று பென்சிலால் எழுதிய தாளைக் கண்டால் துள்ளிக் குதிப்பான்.

குமிழ்தான் என்று சொன்னேன். இவனுக்குச் சொன்னால் இவன் சேருக்குச் சொல்வான். நானாக இருந்தால் சொல்வேன்.

வலையில் மீன் குறைவு. வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியின் முகம் கடுகடுப்பு.

19 மார்ச், வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

சேர் ஒரு மணிக்கு வருவதாகச் சொன்னவர். நாங்கள் ஜும்ஆவுக்குப் போனபிறகு, முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஆலையில் கந்தையா அண்ணன் மட்டும்.

தொழுதுவிட்டு ஹாஜியாரும் நஸீரும் நானும் ஒன்றாக ஆலைக்குள் நுழைந்தோம். உள்ளே சேர். தோளில் துவாய். தலை ஈரம், வகிடெடுத்து இழுத்துவிட்டபடி. வாசலிலேயே மணம் வந்தது. ரோசாப்பூ.

தாளைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

நேர்கோட்டுக்கு நடுவில் ஒரு மேடு. பக்கத்தில் ஒரு பள்ளம். சேர் அதற்கு முன்னால் நின்றார். “என்ன றபீக், நேர்கோடெண்டல்லோ எழுதியிருந்தீர். இதென்ன மலை?”

நஸீர் குமிழ்களைப் பார்க்கிறான். ஹாஜியார் என் முகத்தைப் பார்க்கிறார், சிவப்பரிசி இல்லாமலே. கொம்பிரசரில் காற்று இறங்கிவிட்டது என்று சொல்லலாம். நம்புவார்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் கந்தையா அண்ணன் பொயிலர் பக்கமிருந்து வந்து, ஐயா மட்டக்களப்பு றோட்டுப் புழுதியெல்லாம் பூசிக்கொண்டு வந்தவர், பார்க்கப் பாவமாக இருந்தது, அதுதான் பின்பக்கம் பெரிய குழாயைத் திறந்துவிட்டு நன்றாகக் குளிக்கச் சொன்னேன், சவுக்காரமும் இருந்தது என்று தன்பாட்டில் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

இனி எதைச் சொல்ல?

“சேர், அந்த மேடு நீங்கதான்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பைப் பிரிகிற இடம், ஒழு, ஆலை ஓடுகிற நேரத்து மூன்று வக்துத் தொழுகை, சவுக்காரம் வந்த பிறகு பெருத்த மேடு, வெள்ளிக்கிழமைப் பகலின் வெறுமை. பையில் பென்சில் தாள் இருந்தது, ஏன் கொண்டுபோனேன் என்று தெரியாது. அதையும் விரித்தேன். சேர் கந்தையா அண்ணனைப் போய்க் குழாயைத் திறக்கச் சொன்னார். எல்லோரும் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏறியது. மூடச் சொன்னார். விழுந்தது. திரும்பவும் திறக்கச் சொன்னார். சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை. இவ்வளவு நாளும் தன் அரிசியைச் சிவக்க வைத்தது தன் குழாய்தான் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார் போல.

சேர் கண்ணாடியைத் துவாயில் துடைத்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்ப வெள்ளிக்கிழமை எண்டு என்னை வரச்சொன்னது?”

“ஓம் சேர்.”

இந்த வருஷம் பயிற்சிக்குப் போன பிள்ளைகளில் ஒருவரும் இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்றார். அது பெரிய கெட்டித்தனம் என்றார். அதன்பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “ஆனா அந்த அறைக்குள்ள தெரிஞ்சதை மறைக்கிற ஆளை விடேலாது தம்பி. அங்க அரிசி சிவக்காது, பொயிலர் வெடிக்கும்.”

இடம் நஸீருக்கு. எனக்கு இரண்டாம் பாதியும் இங்கேதான். வேறு பைப் போட்டு, முன்னும் பின்னும் எடுத்த சுருள்களோடு றிப்போட் எழுத வேண்டும்.

நஸீர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன்.

சாப்பிடவில்லை. உம்மா இரண்டு தரம் கூப்பிட்டா. நெஞ்சு எரிகிறது, பசியா மற்றதா தெரியாது. மற்றதுதான்.

20 மார்ச், சனி

வெயில். காற்று கொஞ்சம்.

ஹாஜியார் வெட்டு முடிந்தவுடன் பைப் போட ஒத்துக்கொண்டார். ஆள் அனுப்பி அளவு எடுக்கச் சொன்னார். தேத்தண்ணி வழமைபோலக் கிளாஸில்.

பகல் பாங்கு சொன்னதும் மஜீத் காக்கா என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போயிருப்பார். நானாகப் போனேன். வரிசையில் நின்று ஒழு எடுத்தேன். சவுக்காரம் இருந்தது, அதையும் போட்டேன். நல்ல மணம்தான், என்ன செய்ய. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் தாளில் மேடு. இன்றைய மேட்டில் என் பங்கும் இருக்கிறது.

பின்னேரம் நஸீர் பயணம் சொல்ல வந்தான். இரவு பஸ்ஸாம். சுவெட்டர் கையில். உம்மா அவனுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தா. சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தான். பென்சில் தாள் மேசையில் விரித்தபடி இருந்தது. குனிந்து பார்த்தான். ஒவ்வொரு மேடாக விரல் வைத்து வாசித்தான், லுஹர், அஸர், மஃரிப் என்று, மெல்ல. நெடுநேரம் நிமிரவில்லை.

தன் அறையில் எல்லாக் கோடும் நேர் என்றான். போன நாளிலிருந்து ஒரு குமிழையும் தொட விட்டதில்லையாம். பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. றிப்போட்டில் எழுத ஒரு மேடு கூட இல்லையாம்.

“மச்சான், இதுல ஒரு துண்டு எனக்குத் தருவியா?”

“இல்ல.”

அவன் முகத்தில் ஒன்று வந்து போனது. அந்த முகம் எனக்கு நல்லாத் தெரியும். இவ்வளவு நாளும் காலையில் பல்லு விளக்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். ஸலாம் சொன்னான். நானும் சொன்னேன்.

தாளைச் சுருட்டி அலுமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. சேலைகளுக்கு நடுவில், உம்மாவின் சவுக்காரத்துக்குப் பக்கத்தில். பசிக்கிறது.